ஒரு நிமிஷத்துக்குப் போன கத்தி

மார்ச் 2, திங்கள்

கத்தி வந்துவிட்டது. கூரியர்க்காரர், "உள்ள என்னம்மா, இவ்ளோ சின்னப் பொட்டி?" என்றார். சிரித்து வைத்தேன். மடக்குக் கத்தி என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல்.

பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார்கள். பிரிக்கக் கத்தி இல்லை. பல்லால் கடித்துப் பிரித்தேன்.

மடக்கினால் என் நடுவிரல் நீளம். விரித்தால் பிளேடு ஆள்காட்டி விரலின் இரண்டு கணு அளவு. சாம்பல் நிறப் பிடி. எடை முட்டையைவிடக் குறைவு. ஒரு கையில் முட்டை, ஒரு கையில் இது என்று வைத்துப் பார்த்தேன். முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

அம்மா பார்த்துவிட்டாள்.

"பதினேழு வயசுப் பொண்ணு கையில கத்தி எதுக்குடி? யாராவது ஏதாவது சொன்னானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா."

"அப்புறம்?"

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குத்தான் என்று எப்படி விளக்குவது? "பொட்டி பிரிக்க" என்றேன். அம்மா கத்தியை இரண்டு தடவை விரித்து மடக்கினாள். "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது பால் பாக்கெட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

மார்ச் 5, வியாழன்

எதற்கு வாங்கினேன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். இங்கே யாரும் குறுக்கே பேசுவதில்லை.

நான் வேலை பார்க்கும் கிடங்குக்கு வருவது எல்லாம் வீட்டுத் துணி. திரைச்சீலை, படுக்கை விரிப்பு, தலையணை உறை. அட்டைப்பெட்டியைப் பிரித்து, எண்ணி, அலமாரியில் அடுக்க நாங்கள் ஆறு பேர். கட்டர் இரண்டு. இரண்டும் சூப்பர்வைசர் மேசை இழுப்பறையில் இருக்கும். ஒவ்வொரு முறையும் போய், "சார், கட்டர்" என்று கேட்க வேண்டும். அவர், "என்ன?" என்பார். இன்னொரு முறை சொல்ல வேண்டும். அவரிடம் இல்லையென்றால் யாரிடம் இருக்கிறது என்று எல்லோரிடமும் கேட்க வேண்டும். இரண்டரை மாதம் வீட்டுச் சாவியால் டேப்பைக் கிழித்தேன்.

இன்று பதினான்கு பெட்டி. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. காலை வணக்கம் தவிர நாள் முழுக்க ஒரு சொல் பேசவில்லை. கத்திக்கு முழு மதிப்பெண்.

மார்ச் 8, ஞாயிறு

கத்தி விற்ற கடைக்காரர்கள் மறுபடி செய்தி அனுப்பியிருக்கிறார்கள். "பொருள் எப்படி இருக்கிறது? உங்கள் கருத்தை எல்லோருடனும் பகிருங்கள்." எல்லோருடனுமா? இங்கேயே எழுதிக்கொள்கிறேன்.

நல்லவை: கூர். டேப்பில் வைத்தால் போதும், தானே போகிறது. விரித்ததும் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது, கைமேல் மடங்காது. கழுவித் துடைப்பது எளிது.

குறைகள்: கிளிப் வலது கைக்காரர்களுக்கானது. நான் இடது. இரண்டு திருகைக் கழற்றி மறுபக்கம் மாற்றினேன். ஒரு திருகு கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது, அரை மணி நேரம் தேடினேன். இன்னொரு குறை, அளவுக்கு மீறிய கூர். எங்கள் பெட்டிகளில் டேப்புக்குக் கீழேயே துணி, நடுவில் தடுப்பு அட்டை கிடையாது. அதனால் பிளேடில் பச்சை டேப் சுற்றி, நக அளவு முனையை மட்டும் வெளியே விட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது என்னிடமிருந்தும் அவ்வளவுதான் வெளியே வந்தது. முதல் எழுத்து. வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. பிறகு சிரித்தது. எனக்குப் படிப்பு வராமல் இல்லை. வாய்தான் வரவில்லை. அடுத்த வருடம் நான் போகவில்லை.

கத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எங்கேயோ போய்விட்டது.

மார்ச் 10, செவ்வாய்

இன்னும் பத்து நாள். 20ஆம் தேதியோடு வேலையில் சேர்ந்து மூன்று மாதம் முடிகிறது. அன்று நிரந்தரம் ஆக்குவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பினால் என்ன செய்வது என்று அத்தை ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறாள். அவள் வேலை பார்க்கும் பல் டாக்டரிடம் ஃபோன் எடுக்க ஆள் வேண்டுமாம்.

"ஹலோ சொல்லணும், பேரு கேக்கணும், டைம் குடுக்கணும். அவ்ளோதான்" என்றாள் அத்தை.

அவ்வளவுதான். நாளுக்கு எழுபது பேர்.

மார்ச் 12, வியாழன்

ரேடியோ அக்கா கத்தியை வாங்கிப் போனார்.

எனக்குப் பக்கத்து மேசை. காலையில் வந்து வேலைக் கோட்டு மாட்டும்போது பேச ஆரம்பித்தால் மாலையில் கோட்டைக் கழற்றும்போதுதான் நிற்கும். அவர் மகனுடைய வயிறு, மாமியாருடைய முழங்கால், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் எனக்கு அத்துப்படி. சூப்பர்வைசரே ரேடியோ என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் பதில் எதிர்பார்க்காமல் பேசுகிற ஒரே ஆள். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

"ஏய் அமுக்குணி, அந்தக் குட்டிக் கத்திய ஒரு நிமிஷம் குடேன். கட்டர் ரெண்டையும் எவனோ அமுக்கிட்டான்."

கொடுத்தேன். பதினொன்று இருபதுக்கு. இப்போது வீட்டில் இருக்கிறேன். கத்தி இல்லை.

மார்ச் 13, வெள்ளி

ஒத்திகை பார்த்தேன்.

"அக்கா, கத்தி." மொட்டையாக இருக்கிறது.

"அக்கா, உங்க வேலை முடிஞ்சிருச்சுன்னா..." முடியவில்லை என்று சொல்லிவிட்டால்?

"அக்கா, என் கத்திய எங்கயாவது பாத்தீங்களா?" பொய். அவருடைய கோட்டின் வலது பையில் இருக்கிறது. கிளிப் தெரிகிறது.

கடைசியில் அவர் பக்கம் திரும்பி, "அக்கா" வரை வந்தேன். "சொல்லு" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் மாமியாரின் முழங்காலுக்குப் போய்விட்டார்.

மார்ச் 14, சனி

கத்தி ஆரஞ்சு உரிக்கவும் நன்றாக இருக்கிறது. தூரத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

பிளேடில் நான் சுற்றிய பச்சை டேப்பைக் காணோம்.

மார்ச் 16, திங்கள்

ரேடியோ அக்கா எட்டுப் பெட்டி பிரித்தார். நான் மூன்று. சாவி வளைய ஆரம்பித்திருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. இருக்கட்டும்.

நேற்று பிரித்த பெட்டிகளில் ஒன்றிலிருந்து சாம்பல் நிறத் திரைச்சீலை ஒன்றை எடுத்து சூப்பர்வைசர் விரித்தார். நடுவில் ஒரு வெட்டு. இன்னும் விரித்தார். இன்னொரு வெட்டு. எட்டாக மடித்த துணி. ஒரே கீறல், விரித்தால் எட்டு. வரிசையாக, ஒரே அளவில், யாரோ அளந்து போட்டது மாதிரி. கண்ணை எடுக்க முடியவில்லை.

"கட்டர் இவ்ளோ ஆழம் எறங்காது" என்றார் சூப்பர்வைசர். "இங்க சொந்தமா கத்தி வச்சிருக்கறது யாரு?"

ரேடியோ அக்கா இன்று லீவு. மற்ற நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆரஞ்சு உரித்ததை அவர்களும்தான் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"என்னம்மா, உன்னுதுதானே?"

என்னுதுதான். என்னுதுதான், ஆனா என்கிட்ட இல்ல. அவ்ளோதான் சொல்லணும். ஏன் வரல? ஏன் எனக்கு மட்டும் வரல? தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை மத்தியானம் ஆபீசுக்கு வா. என்ன நடந்துச்சுன்னு சொல்லு. சொல்லலன்னா இருவதாந்தேதி வர வேணாம்."

மார்ச் 18, புதன்

கத்தி திரும்பி வந்துவிட்டது. கேட்காமலே.

சாப்பாட்டுப் பையைத் திறந்தேன், டப்பாவுக்கு அடியில் காகிதத்தில் சுற்றி இருந்தது. ஆரஞ்சு வாசனை. பிளேடைத் துடைக்கவில்லை, பூட்டில் பிசுபிசுப்பு. ரேடியோ அக்கா இன்று என்னைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டுதான் இருந்தார், சுவரைப் பார்த்து.

ஐந்து நாள் இது என்னிடம் வர வேண்டும் என்று நினைத்தேன். வரக் கூடாத ஒரே நாளில் வந்திருக்கிறது.

சாயங்காலம் அத்தை ஃபோன் செய்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரலாமாம். "அங்க ஏசி இருக்குடி" என்றாள் அம்மா. என்னிடம் சொல்வதற்கு அவளுக்கு வேறு நல்ல செய்தி கிடைக்கவில்லை.

யோசித்தேன். நான் சொல்ல வேண்டியது எல்லாம் ஏற்கெனவே இந்த நோட்டில் எழுதியிருக்கிறது. தேதியோடு, மணியோடு. 12ஆம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்துக் கொடுத்துவிடலாம். வாயே தேவையில்லை.

நல்ல யோசனை என்று நினைக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

நல்ல யோசனை இல்லை.

ஆபீசில் சூப்பர்வைசர் இருந்தார். ரேடியோ அக்காவையும் கூப்பிட்டிருந்தார், பக்கத்து மேசை என்பதால். நான் நோட்டைத் திறந்து 12ஆம் தேதியைக் காட்டினேன். சூப்பர்வைசர் கண்ணாடியை மாட்டினார். "மொதல்லருந்து பாத்தாதானே புரியும்" என்று பக்கங்களைப் பின்னால் தள்ளினார்.

நான் மறந்துபோன விஷயம்: சூப்பர்வைசர் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார். டெலிவரி சீட்டிலிருக்கும் ஃபோன் நம்பரைக்கூட. மூன்று மாதமாகக் கேட்கிறேன், இது எப்படி மறந்தது?

"எடை முட்டையைவிடக் குறைவு" என்று படித்தார். என்னை ஒரு முறை பார்த்தார். "அவர், 'என்ன?' என்பார். இன்னொரு முறை சொல்ல வேண்டும்." மறுபடி பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். நல்லவை. குறைகள். கிளிப். திருகு, கட்டில். கதவு திறந்திருக்கிறது. வெளியே நான்கு பேரும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். "ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து நின்று..."

"படிக்காதீங்க சார்."

யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன?" என்றார்.

"படிக்காதீங்க. நானே சொல்றேன்."

சொன்னேன். போன வியாழக்கிழம பதினொண்ணு இருவதுக்கு அக்கா ஒரு நிமிஷம்னு வாங்கிட்டுப் போனாங்க. நேத்துதான் பையில இருந்துச்சு. நான் பச்ச டேப்பு சுத்தி வச்சிருந்தேன், துணியில படக்கூடாதுன்னு. சனிக்கிழம பாத்தப்ப டேப்பு இல்ல. அத அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு. வெட்டுனது நான் இல்ல.

சொல்லும்போது கைவிரலில் எண்ணினேன். எட்டு வாக்கியம். குரல் நடுவில் ஒரு தடவை உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் நோட்டை மூடினார். ரேடியோ அக்காவைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். எனக்குப் பழக்கமான காட்சி. வெளியிலிருந்து பார்ப்பது முதல் முறை.

"நான்தான் சார். ஆரஞ்சு உரிக்க எடஞ்சலா இருந்துச்சுன்னு டேப்ப பிச்சுப் போட்டேன். பொட்டியில எறங்குனதே தெரியல. மூடி வச்சிட்டேன்."

"ஊரு கதையெல்லாம் சொல்லுவியே ரேடியோ. இத மட்டும் ஏன் சொல்லல?"

அவர் கோட்டின் வலது பையைத் தடவிக்கொண்டார்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சூப்பர்வைசர், "முட்டைய வச்சு எட பாத்தியா?" என்றார்.

"ஆமா சார்."

மார்ச் 20, வெள்ளி

நிரந்தரம். அத்தைக்கு அம்மா ஸ்பீக்கரில் ஃபோன் செய்து சொன்னாள். அத்தை ஹலோ சொன்ன விதம் நன்றாகத்தான் இருந்தது. எழுபது முறை சொல்ல என்னால் முடியாது.

மார்ச் 23, திங்கள்

ரேடியோ அக்காவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அதையும் சூப்பர்வைசர் வாய்விட்டுப் படித்தார். வெட்டுப்பட்ட திரைச்சீலையை விற்க முடியாது என்று அவர் அறை ஜன்னலிலேயே மாட்டியிருக்கிறார். பத்து மணிக்கு மேல் அவர் மேசையில் எட்டுக் கோடு வெயில் விழுகிறது.

இனிமேல் சொந்தக் கத்திக்குத் தடை. ஆளுக்கொன்று என்று ஆறு புதுக் கட்டர், எண் எழுதி. காலையில் கொடுத்து மாலையில் கேட்டு வாங்கிப் பூட்டி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

"பொருள் திரும்பி வரலன்னா என்ன ஆகும்னு இங்க ஒருத்திக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று இழுப்பறைச் சாவியை என்னிடம் நீட்டினார்.

யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்று வாங்கிய கத்தி என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. கடைக்காரர்கள் இதை விளம்பரத்தில் சொல்லவில்லை.

மார்ச் 25, புதன்

ரேடியோ அக்கா மூன்று நாளாக வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் காய்ச்சலா என்று விசாரிக்கிறார்கள். மேசைகளுக்கு நடுவில் இவ்வளவு அமைதி எனக்கே கஷ்டமாக இருந்தது. மாலையில் கட்டரை நீட்டியபோது மெதுவாகச் சொன்னார்:

"பயந்துட்டேன்டி. ஒம்மேல போட்டுட்டு ஓடணும்னு இல்ல. ஆனா அப்படித்தான் ஆயிருச்சு." கட்டரை என் கையில் வைத்தார். "நீ கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்."

அதுவும் உண்மைதான்.

"மாமியார் முழங்கால் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பதில் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

ஆறு கட்டரும் வந்துவிட்டன. நான்கு தானாக வந்தன. ஒன்றைக் கேட்டேன். ஒன்றை இரண்டு முறை கேட்டேன்.

கத்தி, ஐந்து வாரத்துக்குப் பிறகு: கூர் அப்படியே இருக்கிறது. பூட்டிலிருந்து ஆரஞ்சு போகச் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். பச்சை டேப் புதிதாகச் சுற்றினேன். வீட்டில்தான் இருக்கிறது, அதாவது அம்மாவிடம். பால் பாக்கெட், மாத்திரை அட்டை, நூல் என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஒரு ஆப்பிள் நறுக்கலாம் என்று சாயங்காலம் போய்க் கேட்டேன்.

"இரு, ஒரு நிமிஷம்" என்றாள், திரும்பாமல்.

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தாம்மா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கத்தியைத் துடைத்து, மடக்கிக் கொடுத்தாள்.