பெயரை வெட்டிய மாத்திரை அட்டை

உன் மாத்திரையை மாற்றிவிட்டு, மாற்றியதை உன்னிடம் விளக்காமல் அனுப்பினார்கள். அதனால்தான் நீ செத்தாய், அக்கா.

இன்று காலை எஸ்டேட் லைனில் உன் வீட்டுப் பின்பக்கம் போனேன். குருவி விரட்ட பீன்ஸ் பந்தலில் நீ கட்டிய காலி மாத்திரை அட்டைகள் இன்னும் காற்றில் மினுங்குகின்றன. "மாத்திர எனக்கு, அட்ட பீன்ஸுக்கு. ஒண்ணையும் வீணாக்க மாட்டேன் கண்ணு" என்பாய். கொழுந்து பறிக்கக் கிளம்பும்முன் ரோஸ் மாத்திரையை நாக்கில் வைத்து எனக்குப் பழிப்புக் காட்டிவிட்டுத்தான் விழுங்குவாய். மூன்று வருஷம் வலிப்பு உன் பக்கம் வரவில்லை. எஸ்டேட் பாதையில் உன் பாட்டுச் சத்தம்தான் எங்களுக்கு முன்னால் போகும்.

அன்று டிஸ்பென்சரி வரிசையில் உன் பின்னால் நின்றேன். கம்பவுண்டர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி நீட்டினார்.

"ஏனுங்க, என்னுது ரோஸுங்க. இது வெள்ளையா இருக்குதுங்களே?"

"எல்லாம் ஒண்ணுதான். போம்மா."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாய்: "வெள்ளையா இருக்கறதெல்லாம் ஒண்ணுன்னா, அவரு ஊட்டுக் காபில சக்கரைக்குப் பதிலா உப்பப் போடட்டும்."

மேடு ஏறி முடிக்கும்வரை சிரித்தோம். நீ பயந்துபோயிருந்தது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையை விழுங்காமல், ரோஸ் மாத்திரை வரும்வரை பொறுக்கலாம் என்று நீயாகவே முடிவு செய்தாய். எட்டாம் நாள் சரிவில் வலிப்பு வந்து, கல் வாய்க்காலில் விழுந்தாய். உன் மழைக்கோட்டுப் பையில் வெள்ளை மாத்திரைகள் ஒன்றும் குறையாமல் இருந்தன.

அவற்றை எடுத்துக்கொண்டு குன்னூர் டாக்டரிடம் போனேன். வெட்டிய அட்டையில் மருந்துப் பெயரின் வால் மட்டும் இருந்தது. உன் பழைய அட்டையோடு சேர்த்துப் பார்த்துத்தான் அவரே கண்டுபிடித்தார். அதே மருந்து, வேறு கம்பெனி. மாற்றினால் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், ஒரு வேளையும் விடக்கூடாது, முடிந்தவரை ஒரே கம்பெனி மாத்திரையே தொடர வேண்டும், வலிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் வர வேண்டும் என்றார். இதைச் சொல்ல, இந்தக் குளிரில் ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

அந்தப் பாதி அட்டை எப்போதும் என் பையில் இருக்கிறது. இன்று உன் பந்தலிலிருந்து நேராக டிஸ்பென்சரிக்குப் போய், அதைக் கம்பவுண்டர் முன் வைத்தேன்.

"பேர வெட்டாமக் குடுங்க. மாத்துனா, என்னத்த மாத்துனீங்கன்னு புரியறாப்பல சொல்லிக் குடுங்க."

அவர் அடுத்த அட்டையிலும் பெயரின் குறுக்கே கத்தரிக்கோலை வைத்தார்.