பாதி வேகத்தில் ஓர் ஆட்டம்

ஜூன் 4

காலையில் அச்சகத்திலிருந்து வந்த பதினாறு பக்கங்களுக்கு மெய்ப்புத் திருத்தினேன். ஒற்றுப்பிழைகள் மட்டுமே. உரையாசிரியர் கவனமுள்ளவர்.

இல்லாளுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு எழுபது நாள். நடை தேறிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலக்கை மட்டும், யாரோ மடியில் வைத்துவிட்டு மறந்துபோன பொருள்போல் கிடக்கிறது. பிற்பகல் வந்த பிசியோதெரபிப் பெண், "அம்மா, இன்னும் மூணு மாசம்தான் இந்தக் கை நம்ம பேச்சைக் கேக்கும். அதுக்கப்புறம் அது இஷ்டம்" என்று சொல்லி, ரப்பர் பந்தை நாள்தோறும் இருநூறு முறை பிசையப் பணித்துப் போனாள். அவள் படி இறங்குமுன் பந்து சன்னல் வழியே தெருவுக்குப் போயிற்று. இடக்கை வீச்சு.

"பந்தைக் குடுத்து வெளையாடச் சொல்ல நான் என்ன நாய்க்குட்டியா?"

போய் எடுத்து வந்தேன். இது மூன்றாம் முறை.

ஜூன் 7

மகன் அனுப்பிய பொதி வந்தது. அவன் சிறுவயதில் தொலைக்காட்சியில் இணைத்து ஆடிய விளையாட்டுப் பெட்டியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிச் செய்திருக்கிறார்கள். அதே சாம்பல் நிறம், கேசட் செருகும் அதே மூடி. ஆனால் மூடி திறவாது, அழகுக்காம். முப்பது ஆட்டங்களை உள்ளேயே வைத்து அடைத்திருக்கிறார்கள்.

"உன் விளையாட்டுப் பெட்டி அம்மாவுக்கு எதற்கு?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"அது எப்பப்பா என்னோடதா இருந்துச்சு? நீங்க அச்சகம் போனதும் அம்மாதான் ஆடுவாங்க. கடைசிக் கட்டம் எப்படி இருக்கும்னு எனக்குக் காட்டினதே அவங்கதான்."

திரும்பிப் பார்த்தேன். அவள் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். தேர்வுக் காலங்களில் அப்பெட்டியை அலமாரியில் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துச் சென்றவன் நான்.

"பூட்டு வாங்கினா ரெண்டு சாவி தருவாங்க" என்றாள்.

நோய் வந்தபின் அவள் சிரித்தது இன்றுதான். இறைவா, அந்த இரண்டாம் சாவிக்கு நன்றி.

ஜூன் 9

ஆடிப் பார்த்தாள். விளக்கேந்திய சிறு மனிதன் ஒருவன் கூரைகளையும் கிணறுகளையும் தாண்டிச் செல்லும் ஆட்டம். தாண்டுவதற்கான பொத்தான் வலக் கட்டைவிரலுக்கு உரியது. அவ்விரலுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் மனிதன் கிணற்றுக்குள் இருக்கிறான். பதினொரு முறை.

"போதும். நான் செத்துச் செத்துப் பொழைக்கறதுக்கு நீங்க வேற பக்கத்துல ஒக்காந்து பெருமூச்சு விடாதீங்க."

வேகத்தைக் குறைக்க இயலாதாம். செய்தவர் வைத்த வேகமே வேகம்.

ஜூன் 10

மைத்துனர் வந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைப் புரட்டிப் பார்த்து, "அத்தான், இது ஷோகேஸ்ல வெக்கற சாமான். அக்காவுக்கு நான் ஒண்ணு கட்டித் தரேன்" என்றார். சீட்டளவு மின்பலகை ஒன்றில் எமுலேட்டர் என்னும் நிரலை ஏற்றினால், அது பழைய இயந்திரத்தைப்போலவே நடிக்குமாம். வேகத்தைப் பாதியாக்கலாம். தாண்டும் பொத்தானாக லிஃப்ட் பொத்தானையே பொருத்தலாம், முழங்கையால்கூட அழுத்தலாம்.

"பொத்தான் உனக்கு எப்படி வந்தது?"

"கழிச்சுப் போட்டது அத்தான். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். உங்களுக்குப் பதில் சொல்லணும்னு அப்பவே தெரியும்."

ஆட்டத்தை எங்கிருந்து எடுப்பது? இணையத்தில் கிடக்கிறதாம், எல்லாரும் எடுக்கிறார்களாம். கூடாது என்றேன். என் உரைநூலை என்னைக் கேளாமல் அச்சிட்டு விற்ற புத்தகக் கடைக்காரரோடு இருபத்தாறு ஆண்டுகளாக நான் பேசுவதில்லை. எதிரே வந்தால் தெரு மாறுவேன். பிறர் உழைப்பைப் பறித்து என் வீட்டுக்குள் கொண்டுவர எப்படி இசைவேன்?

"சரி, அக்கா கை அப்படியே இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

ஜூன் 11

கள்ளாமை பற்றி நாற்பது ஆண்டுகள் சொற்பொழிவு. இன்று ஒரு சொல்லும் இனிக்கவில்லை.

ஜூன் 14

அவளே வழி காட்டினாள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையை இழுக்கச் சொன்னாள். நூற்கண்டுகளுக்கு அடியில், துணி சுற்றிய பழைய கேசட், அதே ஆட்டம். பழைய விளையாட்டுப் பெட்டி பழுதாகி எறியப்பட்ட நாளில் அவள் எடுத்து ஒளித்தது. நம் சொந்தப் பொருளிலிருந்து நாமே எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. மைத்துனரை அழைத்தேன். இரவு நெடுநேரம் பதிகம் ஓதினேன். மனம் நிறைந்திருந்தது.

ஜூன் 16

மைத்துனர் கேசட்டைத் திருகு கழற்றித் திறந்தார். உள்ளே கட்டைவிரல் நகம் அளவில் தார்போல் ஒரு கறுப்புப் பொட்டு. செய்தவர் பெயரில்லை. அவர் சிரிக்காமலிருக்க முயன்றார், முடியாமல் சிரித்துவிட்டார்.

"அத்தான், இதுவே திருட்டுச் சரக்கு."

வாங்கினவன் யாரு? நான்தான். மகன் வகுப்பில் முதலாவதாக வந்தானென்று, நடைபாதைக் குவியலில் பொறுக்கி எடுத்தது. யார் செய்தது, எவர் உழைப்பு — கேட்டேனா? கேக்கவே இல்லையே. அந்த வருஷமே மேடையில ஏறி நின்னு அந்தப் புத்தகக் கடைக்காரரைத் திருடன்னு பேசினேன். வீட்டுல தையல் மெஷினுக்குள்ள இது.

அவள் சொன்னாள்: "அந்தப் பாவத்துல பாதி எனக்கு. இருபது வருஷம் ஒளிச்சு வெச்சது நான்தானே. இப்ப வந்து ஒக்காருங்க, கால் வலிக்கப் போகுது."

என்ன புண்ணியம் செய்தேன் இவளைப் பெற.

ஜூன் 18

மகன் எளிதாக முடித்தான். "அதே ஆட்டம் நான் வாங்கி அனுப்பின பொட்டிக்குள்ளயே இருக்கேப்பா. அதுல இருந்தே எடுக்கலாம். மாமாவுக்குத் தெரியுமே."

மைத்துனருக்குத் தெரிந்துதான் இருந்தது. "மூணு நாள் வேலை அத்தான். நெட்ல அஞ்சு நிமிஷம். உங்க மனசாட்சிக்கு இவ்வளவு ஓவர்டைம் வேணுமான்னு பாத்தேன்."

செய்த நிறுவனத்தார் இதற்கும் முழுமனத்தோடு இசைவார்களா, அறியேன். முறையாகப் பெற்ற பாடலை விளம்ப காலத்தில், நிதானமாக இழுத்துப் பாடுவது போன்றது என்று மனம் அமைந்தது. இதில் பிழையிருப்பின் அது என்னுடையது; அவள் கையினுடையது அன்று.

ஜூன் 21

புத்தகக் கடைக்காரர் எதிரே வந்தார். தெரு மாறவில்லை. "நலமா?" என்றேன். அவர் குடையை நழுவவிட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 24

பெட்டி தயார். மரப்பலகையில் நான்கு லிஃப்ட் பொத்தான்கள், தாண்டுவதற்குச் சிவப்பு. பாதி வேகத்தில் சிறு மனிதன் நீருக்குள் நடப்பவன்போல் நடக்கிறான். அவள் வலக்கையைத் தூக்கி, உள்ளங்கையின் அடியால் சிவப்பை அழுத்தினாள். தாண்டினான். நானும் மைத்துனரும் எழுந்து நின்றுவிட்டோம்.

"என்ன எல்லாரும் கோயில்ல நிக்கற மாதிரி நிக்கறீங்க" என்றாள்.

ஜூலை 9

கணக்கிட்டதில் ஒரு பிற்பகலில் அறுநூறு முறை அழுத்துகிறாள். "பந்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள் பிசியோதெரபிப் பெண்.

ஜூலை 27

முக்கால் வேகம். இப்போது உள்ளங்கை அன்று, விரல்கள். மோதிரவிரல் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

ஆகஸ்டு 8

காய்ச்சல் அவளுக்கு. நான்கு நாள் ஆட்டமில்லை. கை பின்வாங்கிவிடுமோ என்று அஞ்சி ஒரு வரியும் ஓத முடியவில்லை.

ஆகஸ்டு 13

பின்வாங்கவில்லை. ஒரு கிணறும் தவறவில்லை. நன்றி, நன்றி.

செப்டம்பர் 2

அச்சகத்திலிருந்து திரும்பினேன். வாசலிலேயே ஆட்டத்தின் இசை கேட்டது, வழக்கத்தினும் விரைவாக. உள்ளே பார்த்தால், மகன் அனுப்பிய சிறு பெட்டியைத் தானே இணைத்து, அதன் சிறிய பொத்தான் கட்டையை இரு கைகளாலும் பிடித்து அமர்ந்திருக்கிறாள். இரண்டு கட்டைவிரல்களும் ஓடுகின்றன. செய்தவர் வைத்த வேகமே வேகம்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தண்ணி வேணும்னா நீங்களே எடுத்துக் குடிங்க. கடைசிக் கட்டத்துல இருக்கேன்."

எடுத்துக் குடித்தேன். இறைவனுக்கு நன்றி சொல்லப் போனபோது வாயில் நீர் இருந்தது, விழுங்கிவிட்டுச் சொன்னேன்.