கராஜ் சுவரும் இரண்டு விற்பனைப் பலகைகளும்

பிப்ரவரி 6, செவ்வாய்

வீட்டை விற்கப் போகிறேன். இன்று ஏஜென்ட் பெண் வந்து அறை அறையாக அளந்து படம் பிடித்துக்கொண்டு போனாள். "ஏன் விக்கறீங்க?" என்றாள். கடல் காற்று வேண்டும், ஸ்கார்பரோவில் சின்ன ஃபிளாட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன்.

உண்மைக் காரணம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. பக்கத்து வீட்டு கிளைவ் ஓல்ட்ராய்டின் கராஜ் சுவர். என் தோட்டத்துக்குள் ஓரடி நுழைந்து நிற்கிறது. கீத் என்னை விட்டுவிட்டு ஸ்பெயினுக்குப் போன அதே வருஷம் கட்டினான். புருஷன் இல்லாத வீடு, கேட்க ஆளில்லை என்றுதானே? ஏழு வருஷமாகப் பேச்சில்லை. ஊர் கவுன்சிலுக்குப் புகார்தான்.

பிப்ரவரி 15

வக்கீல் ஜூடித் மெட்காஃபிடம் போனேன். கூரை, குழாய், மின்சாரம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "பக்கத்து வீட்டோட தகராறு ஏதாவது உண்டா?" என்றாள்.

"அது ரொம்பப் பழசு."

"பழசோ புதுசோ, சொல்லித்தான் ஆகணும் ஹேசல்."

"சொல்லாம விட்டா?"

"வாங்கினவங்களுக்குத் தெரிஞ்சா உங்க மேல கேஸ் போடலாம். நீங்க கவுன்சிலுக்குப் போட்ட புகாரெல்லாம் பத்திரமா அங்கேயேதான் இருக்கும்."

கிளைவை ஒழிக்க எழுதியவை. நல்ல ஆங்கிலத்தில், நல்ல தாளில். இப்போது என் வீட்டு விலையை ஒழிக்கக் காத்திருக்கின்றன.

மார்ச் 2, சனி

ஆள் கிடைத்துவிட்டது. கேலம், ஆம்பர் என்று இளம் ஜோடி. அவளுக்கு ஆறாவது மாதம். படி ஏறி இறங்கி மூச்சு வாங்கினாள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

"ஒரு பெரியவர். சத்தமே வராது."

பொய்யில்லை. ஏழு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. மற்றதை வக்கீல் வழியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

விலைக்கு ஒத்துக்கொண்டோம். ஜூடித்திடம் சந்தோஷமாகச் சொன்னால், அவள் அதில் தண்ணீர் ஊற்றினாள். "ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் கைமாறுற வரைக்கும் இதெல்லாம் வெறும் பேச்சு. அவங்க நாளைக்கே ஓடலாம். நீங்களும்தான்."

மார்ச் 9

கிளைவ் வீட்டு வாசலிலும் விற்பனைப் பலகை!

மார்ச் 10

நாயோடு நடப்பவர்கள் இரண்டு பலகைகளையும் பார்த்து நின்றுவிட்டுப் போகிறார்கள். நம் தெருச் சாக்கடையில் ஏதோ பெரிய கோளாறு என்று கடையில் பேச்சாம்.

மார்ச் 13, புதன்

கதவைத் திறந்தால் கிளைவ். கையில் தொப்பி.

"உள்ள வரலாமா?"

"உங்க சுவர் வந்தாச்சு. நீங்க வர்றதுக்கு என்ன?"

வந்து உட்கார்ந்தான். அவன் வக்கீலும் அதே தகராறுக் கேள்வியைக் கேட்டாராம். "ரெண்டு வீட்டையும் பாக்க ஆள் வருவாங்க. நான் ஒண்ணு, நீங்க ஒண்ணு சொன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம்."

ஆக, எதற்காகச் சண்டை போட்டோம் என்பதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போக வேண்டும். டீ போட்டேன். வேறென்ன செய்வது?

"நிலத்தைத் திருடிட்டார்னு சொல்லிடவா?"

"கீத் சொல்லித்தான் கட்டினேன்னு நான் சொல்லவா?"

"கீத் என்ன சொன்னார்?"

"புல்லு வெட்டற வேலை மிச்சம், ஓரடி எடுத்துக்கோன்னான். பப்ல வெச்சு. உனக்கும் தெரியும்னுதான் நினைச்சேன். தெரிஞ்சிருந்தும் ஊர் பூரா என்னைத் திருடன்னு சொல்றியே — அதுதான் எனக்கு..." 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை இருவருமே கவனிக்காத மாதிரி இருந்தோம்.

அவன் எதிரிலேயே ஸ்பெயினுக்குப் போன் போட்டேன்.

"ஆமா, சொன்னேன்," என்றான் கீத். "உன்கிட்ட சொல்லலையா? அப்போ உன்கிட்ட எவ்வளவோ சொல்லாம இருந்தேன் ஹேசல். அதுல இதுவும் போயிடுச்சு போல."

ஏழு வருஷம்! அட கடவுளே. தப்பான ஆள் மேல் இல்ல கோபப்பட்டிருக்கேன்? சரியான ஆள் அங்கே வெயிலில் காலை நீட்டிப் படுத்திருக்கான்.

கிளைவ் இன்னொரு கப் டீ கேட்டான். கொடுத்தேன்.

மார்ச் 28

பப்பில் சொன்ன வார்த்தையை நம்பி வீடு விற்க முடியாது என்றாள் ஜூடித். சுவர் நிற்கும் இடம்தான் எல்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டோம். பழைய தகராறு முழுவதையும் கேலமுக்குச் சொல்லியாயிற்று. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "சுவர் விழாம நிக்கும்ல?"

ஏப்ரல் 6

கிளைவ் தன் பலகையைப் பிடுங்கிவிட்டான். "ஜன்னல்லேர்ந்து நீ பாக்கற பார்வை தாங்காமத்தான் போக நினைச்சேன். இப்போ எதுக்குப் போகணும்?"

"நானும் உன் சுவரால்தான்."

"அப்ப நீயும் பிடுங்கு."

ஏப்ரல் 18

நான்கு இரவாகத் தூக்கமில்லை. எதற்காகப் போகிறேன்? ஜூடித்திடம் கேட்டே விட்டேன்: இப்போது பின்வாங்கலாமா?

"சட்டப்படி தாராளமா. உங்க செலவு உங்களோடது, அவங்க செலவு அவங்களோடது. ஏன்னு கூட யாரும் கேக்க முடியாது."

வேறு ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்தேன். வக்கீல்கள் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆம்பர் போன். வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்களாம். "அந்தச் சின்ன ரூம் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு? தொட்டில் வாங்கணும்."

டேப்பை எடுத்து அளந்தேன். சொன்னேன். "இன்னும் ஒரு தடவை அளந்துடுங்களேன், ப்ளீஸ்," என்றாள். மறுபடி அளந்தேன்.

அயோக்கியத்தனம் செய்ய இந்தச் சட்டம் எவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறது. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 26, வெள்ளி

ஒப்பந்தம் கைமாறியது. இரண்டு வக்கீல்கள் போனில் பேசினார்கள், முடிந்தது. இனி ஓட முடியாது.

கிளைவிடம் சொன்னேன். "முட்டாள்," என்றான். போனவன் திரும்பி வந்து, "பெட்டி கட்ட ஆள் வேணுமா?"

மே 17

பணம் வந்து சேர்ந்தது என்று மதியம் தகவல். சாவியை ஏஜென்டிடம் கொடுத்தேன். லாரி கிளம்பும்போது கிளைவ் தன் கராஜுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். வெளியே வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஸ்கார்பரோ. கடல் காற்று உண்மையாகவே நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து ஃபிளாட்டில் ஒரு தம்பதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால் அவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை.

கிளைவ் போன் செய்தான். ஆம்பருக்குப் பெண் குழந்தை. ராத்திரியெல்லாம் அழுகிறதாம்.

"புகார் கொடுக்கப் போறியா?"

"சீ. வீட்ல யாரோ இருக்கற மாதிரி இருக்கு."

சனிக்கிழமை வரலாமா, காரை எங்கே விடுவது என்று கேட்டான். எனக்கு ஓர் இடம் கோடு போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். கீழே போய்ப் பார்த்தேன். அவன் கார் பெரிசு, பக்கத்து இடத்துக்குள் கொஞ்சம் நுழையும்.

பக்கத்து ஃபிளாட் கதவைத் தட்டினேன். கணவன் திறந்தார். மனைவியையும் கூப்பிடச் சொல்லி, இருவரும் வந்து நின்ற பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.