அரைச் சாப்பாடு

ஜன. 7, செவ்வாய்

பனி. பத்து மணி வரை எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை.

முதலில் ஒரு திருத்தம். நாக்கு ருசிக்காக நான் சேலத்தில் சாப்பாட்டுக் கிளப் ஒன்று விடாமல் ஏறி இறங்குகிறேன் என்று பஜாரில் பேச்சு. கம்பவுண்டர் மனைவி ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது என் காதுபடவே: "ரைட்டரம்மாவுக்கு இந்த வயசுல கிளப்பு ருசி கேக்குது." தவறு. இதுவரை போனது ஒரே ஒரு கிளப். அந்த இடத்துக்கும் ருசிக்கும் சம்பந்தமே கிடையாது. போன காரணத்தை அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

1. மலைமேல் இருக்கும் இந்த வீடு காபி எஸ்டேட்டுடையது. கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என் கணவர் இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பழம் பறிப்பு முடிந்ததும் புது ரைட்டர் குடிவருகிறார். எஸ்டேட் துரை மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். மரியாதையாக எழுதினாலும் 'வெளியே போ' என்பது 'வெளியே போ'தான்.

2. மழைக்காலத்தில் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது மணிக்கட்டு கோணல். பேனா பிடிக்கும். பானை பிடிக்காது.

3. ஆகவே மகன் அருள் இருக்கும் சேலம். அவன் யோசனை: "நாலு மெஸ் சொல்றேன், நீங்களே சாப்பிட்டுப் பாருங்கம்மா. எது பிடிக்குதோ அதுக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்துடலாம். நான் தினம் வந்து பாத்துக்குவேன்."

அவன் வீட்டில் ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

முதல் இடம், போன வாரம், செவ்வாய்ப்பேட்டை. உள்ளே பிராமணர்களுக்குத் தனி ஹால், போர்டோடு. வெளியே மற்றவர்களுக்குப் பெஞ்சு. பெண்களுக்கு ஒரு தட்டி. தட்டிக்குப் பின்னால் இருந்தவை: வெங்காய மூட்டை இரண்டு, கால் உடைந்த நாற்காலி, ஈரத் துடைப்பம், நான். கத்தரிக்காய் காம்போடு. பரிமாறியவன் கட்டைவிரல் ரசத்துக்குள். சொன்னேன். "பரவால்லீங்கம்மா, ரசம் ஆறித்தான் கெடக்குது, சுடல" என்றான்.

இனித் தட்டிக்குப் பின்னால் உட்காருவதில்லை.

சாம்பல் ஸ்வெட்டர் முழங்கை தைத்தாயிற்று. இடது கையால். அசிங்கம்.

ஜன. 9, வியாழன்

காலை பஸ். பின்சீட்டில் குழந்தை வாந்தி. "அடிவாரம் வந்துருச்சு கண்ணு, வந்துருச்சு சாமி" என்று தாய். பாதி மலைகூட இறங்கவில்லை. குழந்தையிடம் இப்படியா பொய் சொல்வது.

அடிவாரத்தில் பிரேக் ஆறட்டும் என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். ஓலைக்கொட்டகையில் காபி என்ற பெயரில் சிக்கரித் தண்ணீர். எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று கேட்டேன். "மேல வெளையற நல்லதெல்லாம் சீமைக்குப் போயிருதுங்க. நமக்கு இறங்கி வர்றது பேரு மட்டுந்தானுங்க." பதில் நன்று. காபியைக் கீழே ஊற்றினேன்.

இரண்டாவது இடம்: சூரமங்கலம், ஸ்டேஷன் எதிரே மிலிட்டரி ஹோட்டல். நேராக ஹாலில் போய் உட்கார்ந்தேன். எல்லாத் தலையும் திரும்பியது.

"பொம்பளைங்களுக்கு உள்ள எடம் இருக்குதுங்க."

"இருக்கட்டும்."

ஆட்டுக்கறி. எலும்பு ஆட்டினுடையதுதான். அதன்மேல் இருந்த சதையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. எதிரே ஒருவர் வாயைத் திறந்துகொண்டே மென்றார். நான் படித்த கான்வென்டில் இதற்கு மதர் எழுப்பிச் சுவரைப் பார்த்து நிற்கவைப்பார். எனக்கு அந்த அதிகாரம் இல்லாததால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். ரயில் மணி அடித்ததும் பாதிச் சாப்பாட்டில் ஹாலே எழுந்து ஓட்டம்.

கரிப்புகை. இரைச்சல். முடியாது.

ஜன. 12, ஞாயிறு

வெயில் கொஞ்சம். போர்வைகள் காயப்போட்டேன். பூசையில் கம்பவுண்டர் மனைவி இரண்டு முறை சிரித்தாள். நான் இல்லை.

சமையல் இப்போது ராமாயி. பகலெல்லாம் காபிப் பழம் பறிப்பு, மாலையில் எனக்கு ஒரு குழம்பு, சோறு. பறிப்பு முடிந்தால் குடும்பத்தோடு வேறு எஸ்டேட்டுக்குப் போகிறாள். அடுப்பூதிக்கொண்டே கேட்டாள்:

"ஏனுங்கம்மா, கீழ ஊட்ல மருமவ நொம்ப நல்லா சமைப்பாங்கன்னு சின்னய்யா சொன்னாருங்களே. அப்பறம் மெஸ்ஸு எதுக்குங்க?"

"குழம்பைக் கிளறு" என்றேன்.

கிளறினாள். இடுப்பு வலி, குரங்கு, மேஸ்திரி என்று வேறு பேச்சு. கேள்வி மட்டும் போகவில்லை.

மருமகள் செசிலி. போன ஈஸ்டருக்கு அவர்கள் வீட்டு மேஜையில் நான் சொன்னது மூன்று: சோறு குழைந்திருக்கிறது, ரசத்தில் புளி அதிகம், டம்ளரை வலது பக்கம் வைக்க வேண்டும். மூன்றும் உண்மை. எழுந்து சமையலறைக்குப் போனவள் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

ஜன. 14, செவ்வாய்

கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் பொங்கல். காலையிலிருந்து கொட்டு. ராமாயி ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். வெல்லம் குறைவு, புகை வாசம். அவள் எதிரே நின்றதால் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

பண்டிகை நாளென்றும் பாராமல் புது ரைட்டர் சன்னலுக்குத் திரை அளக்க வந்தார், சம்சாரத்தோடு. அந்தப் பெண் சமையலறையில் தலையை நீட்டி, "இது நொம்பச் சின்னதா இருக்குதுங்களே."

"துரைமாருக்கு இங்கிருந்துதான் விருந்து போயிருக்கிறது" என்றேன்.

"அவிங்களுக்கென்னங்க, திங்கற எடம் வேற, சமைக்கற எடம் வேற."

சன்னல் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன். அவள் சொன்னது சரிதான் என்பதில் எனக்குக் கோபம்.

ஜன. 16, வியாழன்

மூன்றாவது: அம்மாபேட்டை. தெருவெல்லாம் தறிச் சத்தம். வீட்டோடு நடத்தும் மெஸ். பருப்பில் கல். ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். மெஸ்காரம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"எல்லாரும் முழுங்கிட்டுப் போறாங்க. நீங்க என்னங்க, கொலு அடுக்கறீங்க?"

"கல்லை எடுத்துவிட்டுச் சமைக்கக் கூடாதா?"

"கல்லு தட்டுப்படறதுக்குப் பல்லு இருக்குதுங்களே, அதுக்கு சந்தோசப்படுங்க."

பக்கத்து இலைக்காரர்களுக்குப் புரையேறியது. எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

வாங்கியது: ஊசி, வெள்ளை நூல், பேனா நிப். திரும்பும் பஸ்ஸில் ஈரக் கோணியோடு ஒரு ஆள், என் பக்கத்திலேயே.

ஜன. 18, சனி

நான்காவது: அஸ்தம்பட்டி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சுத்தமான கூடம். பெண்களுக்கு உண்மையிலேயே ஒரு அறை, அதில் சன்னல், சன்னலில் வெளிச்சம். இலை துடைத்துப் போட்டார்கள். பீன்ஸ் பொரியல் வேகும் அளவுக்கு வெந்திருந்தது. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு குறைதான்: மோரில் இஞ்சி அதிகம். இங்கேயே இருந்துவிடலாம் என்றே நினைத்தேன்.

மெஸ்காரரே வந்தார். "ஏனுங்கம்மா, நீங்க அருள் ஐயாவோட அம்மாங்களா?"

"எப்படித் தெரியும்?"

"மலையிலிருந்து கண்ணாடி போட்ட அம்மா வருவாங்க, கண்டிசனா பேசுவாங்கன்னு சொல்லிட்டுப் போனாருங்க."

இலையில் ஒரு சின்னக் கிண்ணம் சோற்றைக் கவிழ்த்துவிட்டு நகர்ந்தார். குழந்தைக்குப் போடுகிற அளவு. இன்னும் போடச் சொன்னேன்.

"உங்களுக்கு அரைச் சாப்பாடுன்னு தானுங்களே பேச்சு?"

"யார் பேசியது?"

"உங்க பையந்தானுங்க. வயசானவங்க, மத்தியானம் அரைச் சாப்பாடு போதும், ராத்திரிக்குக் கஞ்சின்னு. பின்னால ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சுங்க. சாப்பிட்டுட்டு பாக்கறீங்களா?"

"எப்போது பேசினான்?"

"கிறிஸ்மஸுக்கு முந்தியேங்க."

எனக்கு நான்கு இடம் சொன்னது புதுவருஷத்தன்று.

"முழுச் சாப்பாடு போடுங்கள்" என்றேன்.

"தின்ன முடியுமுங்களா?"

"போடுங்கள்."

சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு, மூன்று முறையும் நிறையச் சோறு. ஒரு பருக்கை மிச்சமில்லை. வயிறு வலித்தது. வலிக்கட்டும்.

அறையையும் பார்த்தேன், வாசலில் நின்றபடி. கட்டில் ஒன்று. சன்னல் ஒன்று, கை கழுவும் இடத்தைப் பார்த்து. சுவரில் ஆணி ஒன்று. நாற்காலி இல்லை. தினம் வந்து பார்த்துக்கொள்வேன் என்றவன் எங்கே உட்காருவதாக உத்தேசம்?

ஜன. 19, ஞாயிறு

நல்ல குளிர். பூசைக்குப் போகவில்லை.

அருள் வந்தான். மெஸ்காரர் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு பை ஆரஞ்சு, இந்த மலையிலிருந்து கீழே போனவை. ராமாயி சமைத்ததை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிடும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டேன்.

"ஒரு இடத்தை முடித்துவிட்டு மற்ற மூன்றுக்கு என்னை ஏன் அலையவிட்டாய்?"

"நீங்களா தேடினதா இருக்கட்டும்னுதாம்மா. மத்த மூணும் உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும்."

"வெங்காய மூட்டை யோசித்துச் செய்த ஏற்பாடா?"

தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பாவும் இப்படித்தான், தப்பு செய்தால் பூட்ஸைப் பார்ப்பார்.

"அரைச் சாப்பாடு?"

"நீங்க கொஞ்சமாத்தானேம்மா சாப்பிடுவீங்க."

"எங்கே பார்த்தாய்?"

ஆரஞ்சுப் பையை ஓரமாக நகர்த்திவைத்தான். அவன் பார்த்தது ஈஸ்டரன்று அவன் வீட்டில்தான்.

அப்புறம் கேட்டேவிட்டேன். இத்தனை நாள் கேட்காதது. "உன் வீட்டில் ஏன் இல்லை?"

"நீங்க சாப்பிட உக்காந்தா அவளுக்குக் கை நடுங்குதும்மா. ஈஸ்டர் அன்னிக்கு ராத்திரி பூரா அழுதா. உங்க அம்மா ஊரு பூரா சாப்பிட்டுப் பாக்கட்டும், அப்பறம் என் ரசத்தைப் பத்திப் பேசட்டுங்கறா."

"குறை இருந்தால் வாயை மூடிக்கொண்டு விழுங்கச் சொல்கிறாயா?"

"ஆமாம்மா. எல்லார் வீட்லயும் அப்படித்தான்."

இப்படி ஒரு பதிலை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. அடுப்படியில் ராமாயி பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தாள், அதுவே அதிசயம்.

"அப்படியென்றால் இடம் இல்லை, அதுதானே?"

"யோசிச்சு சொல்றேம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஓடினான். பஸ் ஹாரன் கேட்டது வெகுநேரம் கழித்து.

ஜன. 20, திங்கள்

தூக்கமில்லை. பனி. கெட்டித்துப்போன மையைச் சுடுதண்ணீர் விட்டு இளக்கினேன். கீழே காண்பது அருளுக்கு இன்று தபாலில் சேர்த்ததன் நகல். மூன்று முறை கிழித்து எழுதியது.

அன்புள்ள அருளுக்கு,

நேற்று வாயால் கேட்டேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாய். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

அஸ்தம்பட்டி அறை வேண்டாம். மெஸ்காரர் நல்லவர், அவரிடம் நீயே சொல்லிவிடு. நீ சொன்ன நான்கு இடத்திலும் சாப்பிட்டாயிற்று. செசிலி சொன்னபடி ஊர் பூராவும் பார்த்தாயிற்று என்று அவளிடம் தெரிவிக்கவும். இதற்கு மேல் எங்கும் போய் உட்கார மாட்டேன்.

குறை சொல்வதை நிறுத்திவிடுவேன் என்று எழுதினால் நீங்கள் இருவரும் சந்தோஷப்படுவீர்கள். பொய் எழுதிப் பழக்கமில்லை. சொல்வேன். ஆனால் செசிலியும் என்னைச் சொல்லட்டும். சமையலறைக்குள் போய் அழுவதற்குப் பதில் மேஜையில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக, என்னிடம் என்னென்ன சரியில்லை என்று சொல்லட்டும். நான் எழுந்து போக மாட்டேன். இதை அவளிடம் நீ வாசித்துக் காட்ட வேண்டாம். கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடு.

உன் வீட்டில், உங்கள் இருவரோடும் ஒரே மேஜையில், எனக்கு முழுச் சாப்பாட்டுக்கு இடம் உண்டா, இல்லையா? வீட்டை ஒழித்துக் கொடுக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. இல்லையென்றால் வேறு ஏற்பாடு செய்துகொள்ள எனக்குத் தெரியும், அழ மாட்டேன்.

கண்டக்டரிடம் சொல்லியனுப்ப வேண்டாம். நீயும் மலையேறி வர வேண்டாம். உண்டு அல்லது இல்லை, ஒரு வரி போதும். எழுத்தில் பதில் அனுப்பவும்.