ஐந்து தரம் ஏலம் போன குலை

என் செல்லப் பெரியக்கா,

சிரிக்காமல் வாசிப்பீர்களா? எச்சில் கையால் காகம் துரத்தாதவன் என்று நீங்கள் பெயர் வைத்த உங்கள் தம்பி, நீங்கள் கர்த்தரிடம் போன பிறகு வந்த முதல் அறுப்புப் பண்டிகையில் தன் கஞ்சத்தனத்தை வென்றுவிட்டான்!

கார்த்திகையில் அடித்த காற்று நம் நீர்வேலித் தோட்டத்தை அப்படியே படுக்கப் போட்டது. ஓர் இதரை வாழை மட்டும் குலையோடு நிமிர்ந்து நின்றது. நம் தோட்டத்தில் வேலை செய்யும் ராசத்தின் வீட்டுக் கூரையும் பறந்துபோனது. பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் விளைச்சலை ஏலம் விட்டுக் கிடைப்பதெல்லாம் அந்தக் கூரைக்குத்தான் என்று போதகர் சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய புத்திதான். சுன்னாகச் சந்தையில் வாழைக்குலைக்கு நெருப்பு விலை. குலையைச் சருகால் மூடிக் கட்டிவிட்டு, தேவாலயத்துக்கு இரண்டு பூசணிக்காய் போதும் என்று முடிவு செய்தேன்.

முன்பும் ஒருமுறை இப்படி மூடிவைத்து உங்களிடம் பிடிபட்டேனே! "டேய் தம்பி, தந்தவருக்கே ஒளிக்கிறியோ? குடுக்கிறது என்ன, எங்கடையே?" என்று கேட்டீர்கள். அன்று கோபம் வந்தது. இந்த முறை வெட்கம் வந்தது, அக்கா. கத்தியை எடுத்துக் குலையை வெட்டினேன்.

ஏலத்தில் அதை முதலில் எடுத்தவர் பக்கத்துத் தோட்டத்துக் கந்தையா அண்ணை. சைவ சமயத்தவர்தான், ஆனால் பண்டிகை ஏலத்துக்கு நமக்கு முன்னே வந்து நிற்பார். காசைக் கொடுத்துவிட்டு, "உந்தக் குலையைத் திருப்பி மேசையிலை வையுங்கோ, இன்னொருக்கால் ஏலம் கூறுங்கோ" என்றார். சபையே கைதட்டியது. அடுத்து எடுத்தவரும் திருப்பிக் கொடுத்தார். இப்படி நான்கு தரம்!

ஐந்தாம் தரம் என் கை தானாக உயர்ந்தது. நான் வளர்த்த குலையை நானே விலை கொடுத்து எடுத்தேன்.

"தம்பிக்கு விசரோ?" என்று பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார் கந்தையா அண்ணை.

"ஓம் அண்ணை, அக்காவின்ரை விசர்" என்றேன்.

மறுவாரமே ராசத்தின் வீட்டில் புதுக் கூரை ஏறியது. குலையை அவளுக்கே கொடுத்திருந்தேன், அங்கேயே பழுத்தது. கூரை போட்டவர்களுக்கெல்லாம் அவள்தான் பழம் பிரித்துக் கொடுத்தாள். "நீங்களும் எடுங்கோ, கூச்சப்படாதேங்கோ" என்றாள் என்னிடம். இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். கொடுப்பதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறது என்று ஏன் என் காதைத் திருகிச் சொல்லவில்லை, அக்கா?

புது வாழைக்குட்டிகள் நட்டுவிட்டேன். அவற்றில் முதலில் விளையும் குலை தேவாலயத்துக்குத்தான். சருகு மூடாமல், ஊர் பார்க்க, என் தோளில் சுமந்து வருவேன்.

முன்னாள் கஞ்சன்,
என்றைக்கும் உங்கள் தம்பி