மணிக்கூண்டைச் சுற்றிய மஞ்சள் விமானம்

என் ராஜம் அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். உனக்கு வருத்தமாக இருக்குமே என்று எதையும் மறைக்கவும் மாட்டேன். நேற்று விமானப் பந்தயம் நடந்தது. நீ தேர்ந்தெடுத்த மஞ்சள் விமானம் அதில் பறந்தது.

பந்தயத்தில் தானே ஓட்ட ஒரு விமானம் வாங்கப்போவதாகப் பக்கத்து வீட்டு ஹமீது அண்ணன் வந்து சொன்ன அன்று நீ நன்றாகத்தான் இருந்தாய். விலைக்கு இரண்டு வந்திருந்தன. ஒன்று, ஒற்றை இறக்கை வைத்த புது நீல விமானம். மற்றது, இரட்டை இறக்கை வைத்த பழைய மஞ்சள் விமானம். அவருடைய கப்பல் சாமான் கடையில் எல்லாரும் நீலத்தைத்தான் சொன்னார்களாம். நீ மட்டும் மஞ்சள் என்றாய்.

"பொம்பளப் புள்ளகிட்டயா யோசன கேக்கிறீங்க, தம்பி?" என்று அப்பா சிரித்தார். "அவ ரிக்‌ஷாவத் தவிர எதுலயும் ஏறினதில்ல."

"ஏறாததாலதான் லா, அண்ணே, கீழ நின்னு ஒழுங்கா பாக்குது" என்றார் ஹமீது அண்ணன்.

நீ எங்களை வாசலுக்கு அழைத்துப் போய்த் தெருமுனையைக் காட்டினாய். ஒரு ரிக்‌ஷா முனையை உரசிக்கொண்டு திரும்பியது. பின்னால் வந்த மோட்டார் கார் எதிர்க்கடை வரைக்கும் போய் வளைந்தது.

"இந்தப் பந்தயத்துல மெதுவா போறத முன்னால விடுவாங்க, வேகமா போறத கடைசியில விடுவாங்க. கணக்குப்படி எல்லாம் ஒண்ணாத்தான் வந்து சேரணும். அப்புறம் வேகத்தால என்ன லாபம், அண்ணே? திரும்புற இடத்துலதான் மிச்சம் பிடிக்கணும்" என்றாய்.

நீ படித்தது எல்லாம் எனக்கும் தெரியும், அக்கா. நூலகத்தில் அதே பத்திரிகைகளைத்தான் நானும் புரட்டினேன். ஆனால் தெருமுனையைப் பார்த்து விமானத்தை யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"ஜெயிச்சா என்னை ஒரு தடவ ஏத்திட்டுப் போகணும்" என்று நீ கேட்டாய். ஹமீது அண்ணன் தலையாட்டினார். "அந்தப் பேச்சே வேணாம்" என்றார் அப்பா.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. அதிலேயே நீ எங்களை விட்டுப் போய்விட்டாய். நீ போன பின்னும் கடையில் ஹமீது அண்ணனைக் கேலி செய்வதை விடவில்லை. "என்ன ஹமீது, தையல் மெஷினையா பறக்க விடப்போறே?" என்று கேட்டார்களாம். நீலத்தை ஒரு தோட்ட முதலாளி வாங்கிக்கொண்டார். ஹமீது அண்ணன் மஞ்சளை மாற்றவில்லை.

எல்லாரும் முடிவைப் பார்க்கப் பாயான் லெப்பாஸ் விமானத் திடலுக்குப் போனார்கள். நான் அப்பாவைக் கடற்கரைக்கு இழுத்துப் போனேன். கலங்கரை விளக்கத்தில் ஒரு திருப்பம், கடற்கரை மணிக்கூண்டில் ஒரு திருப்பம், இப்படி மூன்று சுற்று. பந்தயம் திருப்பத்தில்தான் என்று நீதானே சொன்னாய்?

முதலில் ஏதோ ஒரு சின்னப் பச்சை விமானம் போனது. நான் அதைக் கவனிக்கவில்லை. அடுத்து மஞ்சள் வந்தது. மணிக்கூண்டுக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்து, உன் ரிக்‌ஷாவைப் போலவே உரசித் திரும்பியது. ஹமீது அண்ணனின் தலைகூடத் தெரிந்தது. நீலம் பெரும் சத்தத்தோடு வந்து, நங்கூரமிட்ட கப்பல்களைத் தாண்டி, எதிரே இருக்கும் பட்டர்வொர்த் கரை வரைக்கும் போய்விடுமோ என்னும்படி வளைந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நேராகப் பறக்கையில் மஞ்சளுக்கும் அதற்கும் இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபடி கூடியது.

மூன்றாவது சுற்றில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். எல்லாம் மலைக்குப் பின்னால் மறைந்த பிறகு, "மஞ்சள் முந்தியிருக்குமா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமா?

சாயங்காலம் ஹமீது அண்ணன் முகமெல்லாம் எண்ணெயோடு வந்தார். கையில் பரிசுக் கோப்பை இல்லை.

"நீலம் மூணாவது. நாம ரெண்டாவது" என்றார். "ஈப்போலேர்ந்து ஒரு பச்ச விமானம் வந்திருந்திச்சு. நம்மளதவிடப் பழசு, நம்மளதவிட மெதுவா போறது. திரும்புச்சு பாருங்க, கல்லுல தோசையத் திருப்புற மாதிரி." பிறகு என்னைப் பார்த்தார். "உங்கக்கா போட்ட கணக்கு சரிதான் லா, தங்கச்சி. அதே கணக்க இன்னொருத்தனும் போட்டிருக்கான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உன் கணக்கு வென்றது; நம் விமானம் தோற்றது.

"ஞாயித்துக்கிழம தங்கச்சிய ஏத்திட்டுப் போகட்டுமா, அண்ணே?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஜெயிச்சாத்தானே ஏத்துறதுன்னு பேச்சு" என்றேன். உண்மை அதுதானே?

"நீலத்த ஜெயிச்சிச்சே, அது போதாதா?" என்றார் அப்பா. பிறகு, "எத்தன மணிக்கு வரணும், தம்பி?"

உன்னிடம் வேண்டாம் என்ற அதே அப்பா. அன்றே சரி என்றிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது; அதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணை மூட மாட்டேன். மணிக்கூண்டில் சாயும்போதும் மூட மாட்டேன். நம் தெருமுனை மேலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்து, அதையும் உள்ளபடியே உனக்கு எழுதுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கமலா

அப்பா விளக்கை அணைக்க வந்துவிட்டார்; இதோடு நிறுத்துகிறேன்.