மூன்று நாள் பொறுங்கள்

27 டிசம்பர்
பண்டிகை முடிந்து சுகாதார நிலையம் திறந்தது. படகுப் பட்டறை ரெய்னோ தொலைபேசியில் அழைத்தார். “டாக்டரம்மா, ஒண்ணுக்கு சிவப்பா போகுது. வலி கிலி ஒண்ணும் இல்ல.” கிறிஸ்துமஸ் பீட்ரூட் சாலட்டா என்று கேட்டேன். “மூணு நாளா அதைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன். வீட்ல சைமி ஊருக்கே சேத்து செஞ்சிருக்கா.” சிரித்தோம். மூன்று நாள் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்றேன். இன்று இதற்காக அழைத்த மூன்றாவது ஆள்.

30 டிசம்பர்
ரெய்னோவுக்குத் தெளிந்துவிட்டதாம்.

14 ஏப்ரல்
ரெய்னோ மனைவி சைமியோடு வந்தார். சிறுநீரில் இரத்தக் கட்டிகள். ஜனவரியிலிருந்தே விட்டு விட்டுச் சிவந்திருக்கிறது.

“இவதான் சூப்புல பீட்ரூட்டைக் கலந்துடறான்னு நெனச்சேன்.”

“கேட்டீங்களா டாக்டரம்மா? மூணு மாசமா என் சட்டியைத் தெறந்து தெறந்து மோந்து பாக்குது இந்த மனுஷன்!”

பரிசோதனைப் பட்டையை நனைத்தேன். சட்டென்று கரும்பச்சை. இரத்தம்தான்; பீட்ரூட்டுக்குப் பட்டை நிறம் மாறாது. டிசம்பரிலேயே வரச்சொல்லி நனைத்திருந்தால்? ஒரு நிமிட வேலை.

3 மே
பெரிய மருத்துவமனையிலிருந்து அறிக்கை. குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீர்ப்பையில் புற்று, தசைச் சுவர் வரை. பையையே எடுக்க வேண்டும்.

இந்தப் புற்று கசியும், தானாக நிற்கும், வலிக்காது. நின்றுவிட்டதென்றால் சரியாகிவிட்டதென்று பொருளில்லை — பயிற்சிக்கு வருபவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். யார் சொன்னாலும் லேசில் நம்பாதவள் நான். ஒரு சாலட்டை எப்படி நம்பினேன்?

4 மே
டிசம்பரில் நான் தவறவிட்டதை அவரிடம் சொல்ல வேண்டும்.

20 ஜூன்
அறுவை முடிந்து வந்திருந்தார். வயிற்றில் சிறுநீர் சேர ஒட்டுப் பை. “இனிமே எந்திரிக்கவே வேணாம். மீன் பிடிக்கறப்ப எவ்வளவு சௌகரியம்!” இன்றும் சொல்லவில்லை. சிரிக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது — இல்லை, அது பொய். எனக்குப் பயம். அவ்வளவுதான்.

9 செப்டம்பர்
ரெய்னோவின் புற்று நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது.

12 நவம்பர்
சைமி தனியாக வந்தார். ரெய்னோவுக்கு வாங்கி மிஞ்சிய, பிரிக்காத ஒட்டுப் பைகள் இரண்டு பெட்டி. “வேற யாருக்காவது ஆகும்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாந்தான் அவரை முன்னாடியே இழுத்துக்கிட்டு வந்திருக்கணும். சண்டை போட்டே நாளை ஓட்டிட்டேன்.”

“அவர் டிசம்பர்லயே எங்கிட்ட கேட்டாரு சைமி. நாந்தான் பாக்கல.”

சைமி கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.